பதின்மூன்று இலக்கச் சாட்சி

லூமுட் படகுத்துறையில் பங்கோருக்குப் போகக் காத்திருக்கும் ஒருவர், கடையில் வாங்கிய பொருளுக்கு இரண்டு வெள்ளியை முழுக்கச் சில்லறையாகவே கொடுப்பது என்று முடிவெடுத்தால் அவருக்கு எத்தனை வழிகள் உண்டு? ஒரு காசு நாணயம் 2008-இலேயே கல்லாப் பெட்டியை விட்டுப் போய்விட்டது. மிஞ்சியிருப்பவை 5, 10, 20, 50 காசு என்று நான்கு வகை. எதை முதலில் வைக்கிறோம் என்று பார்க்காமல், எந்த வகையில் எத்தனை என்பதை மட்டும் பார்த்தால் விடை 242. பொறுமை உள்ளவர் ஒரே மத்தியானத்தில் தாளில் எழுதி முடித்துவிடலாம். இனி, பேங்க் நெகாரா 1 காசு, 2 காசு, 3 காசு என்று தொடங்கி 200 காசு வரை ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு நாணயம் வெளியிடுவதாக வைத்துக்கொள்வோம். கடைக்காரர் கடையை மூடிவிட்டு ஊரைவிட்டே போய்விடுவார் என்பது வேறு விஷயம். அப்போது அதே இரண்டு வெள்ளியைக் கொடுக்கும் வழிகள் 3,972,999,029,388. நம் கணக்கில் சொன்னால் 3,97,299 கோடியே 90 இலட்சத்து 29 ஆயிரத்து 388. நொடிக்கு ஒரு வழியாக இரவு பகல் பாராமல் எழுதினாலும் ஒன்றேகால் இலட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். மனிதர் எவரும் இந்த வழிகளை எண்ணிப் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. ஆனாலும் கடைசி இலக்கமான 8 வரை இது சரி என்பது நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தெரியும். தெரிந்த விதத்தில் ராமானுஜனுக்குப் பெரும் பங்கு உண்டு.

கணிதத்தில் இதற்குப் பெயர் பிரிவினை. 4 என்ற எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று ஐந்து விதமாகப் பிரிக்கலாம். எனவே 4-இன் பிரிவினை எண்ணிக்கை 5. பத்துக்கு 42. நூறுக்கு 190,569,292. இருநூறுக்கு மேலே சொன்ன பதின்மூன்று இலக்க எண். அந்த எண்ணை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் கவர்ச்சி ஒன்றும் தெரியாது. முன்னும் பின்னும் ஒரேபோல் வாசிக்கப்படுவதில்லை. முழு வர்க்கமும் இல்லை, பகா எண்ணும் இல்லை. 12-ஆல் வகுபடும், 5, 7, 11 ஆகியவற்றால் வகுபடாது. இலக்கங்களின் அழகுக்காக எண்களைச் சேகரிப்பவர்கள் இதைத் தொடவே மாட்டார்கள். ஆனால் ஒரு பெரிய முழு எண்ணுக்குக் கணித வரலாற்றில் கிடைக்கக்கூடிய மிகக் கௌரவமான வேலை இதற்குக் கிடைத்தது என்பது என் வாதம். அது ஒரு சூத்திரத்துக்குச் சாட்சி சொன்னது. அந்தச் சாட்சியம் எதையும் நிறுவவில்லை. எதை நிறுவ முயல வேண்டும் என்பதை மட்டும் தெரிவித்தது. இரண்டாவது வேலை முதலாவதைவிடச் சிறியது என்று நாம் நினைக்கப் பழகியிருக்கிறோம். அந்தப் பழக்கத்தைத்தான் கேள்விக்குள்ளாக்க வேண்டியிருக்கிறது.

ராமானுஜன் என்றதும் நம் நாவில் வரும் எண் 1729. பட்னியில் மருத்துவமனையில் இருந்தவரைப் பார்க்கக் கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டி வந்த டாக்சியின் எண். இரண்டு கன எண்களின் கூட்டலாக இரு விதமாக எழுதத்தக்க மிகச் சிறிய எண். தமிழ்ப்பள்ளிப் பேச்சுப் போட்டியிலிருந்து திரைப்படம் வரை இந்தக் கதை ஓடித் தேய்ந்துவிட்டது. கதையில் குறை சொல்ல எதுவுமில்லை, எண்ணும் நல்ல எண்தான். ஆனால் அந்தக் கதை ராமானுஜனை எண்களோடு பிறந்த அதிசயக் குழந்தையாக நிறுத்திவிடுகிறது. பக்கத்தில் குலதெய்வம் நாமகிரித் தாயார் கனவில் சூத்திரம் சொன்ன கதையையும் சேர்த்துவிட்டால் உழைப்புக்கு இடமே இல்லாமல் போகிறது. 3,972,999,029,388-இன் கதையில் ஓர் ஓய்வுபெற்ற பீரங்கிப்படை மேஜர் இருக்கிறார், கைக்கணக்கு இருக்கிறது, பிழை வந்துவிடுமோ என்ற பயம் இருக்கிறது. கேம்பிரிட்ஜில் இரு மனிதர் ஒருவர் குறையை மற்றவர் நிரப்பிச் செய்த வேலையும் இருக்கிறது. ராமானுஜன் எப்படிப்பட்ட கணிதர் என்று கேட்பவருக்கு நான் இந்த எண்ணைத்தான் காட்டுவேன்.

கேள்வி பழையது. 1740-இல் பெர்லினிலிருந்து பிலிப் நோடே என்பவர் ஆய்லருக்கு எழுதிக் கேட்டார்: 50-ஐ ஒன்றுக்கொன்று வேறான ஏழு எண்களின் கூட்டலாக எத்தனை விதமாக எழுதலாம்? விடை 522. அதைக் கண்டுபிடித்ததோடு ஆய்லர் நிற்கவில்லை. பிரிவினை எண்ணிக்கைகளை ஒன்றிலிருந்து ஒன்றாகக் கட்டி எழுப்பும் ஓர் ஏணியையும் கண்டுபிடித்தார். 1, 2, 5, 7, 12, 15, 22, 26 என்று போகும் ஐங்கோண எண்கள்தாம் அதன் படிகள். 200-இன் எண்ணிக்கை வேண்டுமா? 199, 198 ஆகியவற்றின் எண்ணிக்கைகளைக் கூட்டு. 195, 193 ஆகியவற்றின் எண்ணிக்கைகளைக் கழி. 188, 185 ஆகியவற்றுக்குரியதைக் கூட்டு. இப்படி இரண்டு கூட்டல், இரண்டு கழித்தல் என்று மாறி மாறி 22 எண்களைக் கையாண்டால் விடை வந்துவிடும். ஆனால் அந்த 22 எண்களும் முன்னரே தெரிந்திருக்க வேண்டும்; அவற்றைப் பெற அவற்றுக்கு முந்தியவை தெரிந்திருக்க வேண்டும். அதாவது 1-இலிருந்து 200 வரை ஒரு படியையும் தாண்டாமல் ஏற வேண்டும். 60-இல் ஒரு இலக்கம் தவறினால் அதற்கு மேலே உள்ள கட்டடம் முழுதும் கோணல். பெர்சி மெக்மஹான், இந்தியாவிலும் பணியாற்றிய பீரங்கிப்படை மேஜர், பின்னாளில் சேர்ப்பியல் கணிதத்தின் பெரிய பெயர், இந்த ஏணியில் 200 வரை கையாலேயே ஏறினார். அவருடைய அட்டவணையின் கடைசி வரிதான் நம் எண்.

ஏணி வேண்டாம், 200 என்று சொன்னதும் நேராக விடையைத் தரும் சூத்திரம் வேண்டும் என்பது ராமானுஜனின் பிடிவாதம். அது கேம்பிரிட்ஜில் தோன்றியதில்லை. சென்னைத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது, 1913 ஜனவரி 16-இல் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே அதன் வித்து இருக்கிறது. பிரிவினைக்கு நெருங்கிய உறவுள்ள வேறொரு தொடரின் குணகம், குறிப்பிட்ட ஒரு சூத்திரம் தரும் மதிப்புக்கு மிக அருகிலுள்ள முழு எண் என்று அதில் ஒரு கூற்று. அது அப்படியே சரியாகாது. ஹார்டியே அதைச் சுட்டியிருக்கிறார், கூடவே ராமானுஜன் செய்த தவறுகளில் மிகுந்த பலன் தந்த ஒன்று அது என்றும் கருதினார். கவனிக்க வேண்டியது ‘மிக அருகிலுள்ள முழு எண்’ என்ற நம்பிக்கை. பை, வர்க்கமூலம், அடுக்குக்குறி ஆகியவற்றால் ஆன வழவழப்பான ஒரு கோவை, கரடுமுரடான ஒரு முழு எண்ணைக் குறிதவறாமல் தொட முடியும் என்று நம்புவதற்கு அந்நாளில் யாருக்கும் நியாயமான காரணம் கிடையாது. வழவழப்பான சூத்திரங்களிடம் அளவின் பருமனை மட்டுமே எதிர்பார்ப்பார்கள். ஹார்டியும் ராமானுஜனும் முதலில் பெற்ற எளிய சூத்திரம் அந்த வகைதான்: 200-க்கு அது ஏறக்குறைய 4.1 டிரில்லியன் என்கிறது. உண்மையான விடையைவிட நூற்றுக்கு மூன்று பங்கு அதிகம். பெரும்பாலான கணிதர் இதில் திருப்தி அடைந்து அடுத்த வேலைக்குப் போயிருப்பார்கள்.

அவர்கள் போகவில்லை. சூத்திரத்தைத் திருத்தினார்கள், 200 வரும் இடத்தில் 200-இலிருந்து 24-இல் ஒரு பங்கைக் கழித்துப் போட்டார்கள். இந்த நுட்பத்தை ஹார்டியின் சக கணிதர் லிட்டில்வுட் பின்னாளில் ராமானுஜனின் உள்ளுணர்வுக்கே வரவு வைத்தார். ஒரே உறுப்பு இருந்த இடத்தில் பல உறுப்புகள் வந்தன. முதல் உறுப்பு 3,972,998,993,185.896 என்று தந்தது. பிழை 36,202 சொச்சம். பத்துக் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. இரண்டாம் உறுப்பு 36,282.978-ஐச் சேர்த்தது, கொஞ்சம் அதிகம்தான். மூன்றாவது 87.555-ஐக் கழித்தது. பிறகு 5.147, பிறகு 1.424, பிறகு 0.071, ஏழாவது ஏறக்குறைய சுழியம், எட்டாவது 0.043. எல்லாவற்றையும் கூட்டினால் 3,972,999,029,388.004. மெக்மஹானின் அட்டவணையில் 3,972,999,029,388. நூறுக்கு ஆறு உறுப்புகளைக் கூட்டியபோதும் 190,569,291.996 என்று அதே 0.004 தூரத்தில் வந்து நின்றது. உறுப்புகள் ஒவ்வொன்றும் பின்னத்தோடு வருகின்றன, ஒன்றுகூட முழு எண்ணின் சாயலைக் காட்டவில்லை. கூட்டுத்தொகை மட்டும் மேஜரின் கைக்கணக்கின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. இந்த ஒப்பீடு, 1918-இல் வெளிவந்த அவர்களது கட்டுரையில் அச்சாகியிருக்கிறது. சூத்திரம் பருமனைச் சொல்வதோடு நில்லாமல் துல்லியமான மதிப்பையே தரக்கூடும் என்பதை இந்த எண்களே வலுவாகச் சுட்டுகின்றன என்று அதில் எழுதினார்கள். பிறகு அதை நிறுவவும் செய்தார்கள்: எண் பெரிதாகப் பெரிதாக உறுப்புகளின் எண்ணிக்கையையும் அதன் வர்க்கமூலத்தின் அளவுக்குக் கூட்டிக்கொண்டே போனால் பிழை சுழியத்தை நோக்கித் தேயும், கடைசியில் மிக அருகிலுள்ள முழு எண்தான் விடை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். கணிதத்தில் சாட்சி என்பதற்கு என்ன வேலை? ஓர் எண்ணில் பொருந்தியது, இரண்டு எண்ணில் பொருந்தியது என்று சொல்லிக்கொண்டு திரிவது சோதிடர் பாணி. நிறுவல் இருந்தால் சாட்சி தேவையில்லை, நிறுவல் இல்லாவிட்டால் சாட்சி போதாது. கேட்க மிகச் சுத்தமாக இருக்கிறது. ஆனால் நிறுவல் என்பது எதை நிறுவுவது என்று தெரிந்த பிறகு தொடங்கும் வேலை. ஹார்டி அசாதாரணத் திறமை உள்ளவர், ஆனால் இல்லாத இலக்கைக் குறி வைக்க முடியாது. எட்டு உறுப்புகளின் கூட்டுத்தொகை ஏதாவது ஒரு முழு எண்ணுக்கு 0.004 தூரத்துக்குள் தற்செயலாக விழும் வாய்ப்பே நூற்றில் ஒன்றுக்குக் குறைவு. டிரில்லியன் கணக்கில் கிடக்கும் எண்களுக்கு நடுவே, முற்றிலும் வேறு வழியில் மேஜர் கண்டடைந்த அதே எண்ணின் மேல் விழுவதற்கு வாய்ப்பு என்று சொல்லவே ஒன்றுமில்லை. சாட்சியின் பலம் இரு தரப்பும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சொன்னதில்தான் இருக்கிறது. ஆய்லரின் ஏணியில் பை கிடையாது, வர்க்கமூலம் கிடையாது. கூட்டலும் கழித்தலும் மட்டும். புதிய சூத்திரத்தில் ஏணியின் ஒரு படிகூட இல்லை. எண் சிறியதாக இருந்திருந்தால் இந்தப் பலம் வந்திருக்காது. 4-க்கு 5 என்று எந்தச் சூத்திரமும் ஏதோ ஒரு குருட்டு அதிர்ஷ்டத்தில் சொல்லிவிடும். பதின்மூன்று இலக்கங்கள் இருந்ததால்தான் பொய் சொல்ல இடமில்லாமல் போனது.

ஆனாலும் சாட்சிக்கு எல்லை உண்டு. அந்த எல்லையையும் இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பெரிய எண்தான் காட்டிக்கொடுத்தது. மெக்மஹானின் அட்டவணையை மற்றவர்கள் சரிபார்க்கும் பட்டியலாகப் பார்த்தபோது ராமானுஜன் அதில் ஓர் ஒழுங்கைப் பார்த்தார். 4, 9, 14, 19, 24 ஆகியவற்றின் எண்ணிக்கைகள் 5, 30, 135, 490, 1575. எல்லாம் ஐந்தின் மடங்குகள். நம் எண்ணுக்கு நேர் மேல் வரியில், 199-க்கு எதிரே, 3,646,072,432,125 என்று ஐந்தில் முடியும் எண். ஏழுக்கும் பதினொன்றுக்கும் இப்படியே உண்டு. 5, 7 இரண்டுக்குமான நிறுவலை 1919-இல் வெளியிட்டார். எந்த இடங்களில் இந்த வகுபடுதன்மை வரும்? இட எண்ணை 24-ஆல் பெருக்கி ஒன்றைக் கழித்தால் கிடைப்பது 5-ஆல் (அல்லது 7-ஆல், 11-ஆல்) வகுபட வேண்டும். சூத்திரத்தில் 200-இலிருந்து கழிக்கப்பட்ட 24-இல் ஒரு பங்கும் இந்த 24-உம் ஒன்றேதான். வழவழப்பான சூத்திரத்தில் ஒளிந்திருந்த எண், வகுத்தல் கணக்கில் வெளியே தலை காட்டுகிறது. என்னைக் கேட்டால் இந்த விஷயம் முழுவதிலும் மிக ஆச்சரியமான இடம் இதுதான். டாக்சி எண்ணுக்குக் கிடைத்த புகழில் பத்தில் ஒரு பங்காவது இதற்குக் கிடைத்திருக்கலாம். ராமானுஜன் மேலும் ஒரு படி போய், 5, 7, 11 ஆகியவற்றின் அடுக்குகளுக்கும் இது செல்லும் என ஊகித்தார். அட்டவணை அதற்கு எங்கும் குறுக்கே நிற்கவில்லை, 200 வரை. பஞ்சாபைச் சேர்ந்த ஹன்ஸ்ராஜ் குப்தா அட்டவணையை 300 வரை நீட்டினார். 1934-இல் சர்வதமன் சாவ்லா அந்த நீட்டிய பகுதியில் 243-க்கு எதிரே விரலை வைத்தார்: 133,978,259,344,888. 243-ஐ 24-ஆல் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 5831, அது 343-இன் மடங்கு; ஆகவே ஊகப்படி இந்தப் பதினைந்து இலக்க எண் 343-ஆல் வகுபட வேண்டும். 49-ஆல் வகுபடுகிறது, 343-ஆல் வகுபடவில்லை. ஊகம் அந்த ஒரு வரியில் விழுந்தது. பின்னர் 1938-இல் வாட்சன் ஏழின் அடுக்குகளுக்கு உரிய சரியான வடிவத்தை நிறுவினார். பதினொன்றின் அடுக்குகளுக்கு ராமானுஜன் சொன்னதே சரி என்று 1967-இல் அட்கின் காட்டினார்.

ஆக, 200 வரை ஒத்துழைத்த அட்டவணை 243-இல் கைவிட்டது. இதை வைத்துச் சாட்சியங்களையே ஒதுக்கிவிடலாமா? ஒதுக்க விரும்புகிறவர் ஒன்றை மறக்கிறார். வீழ்த்தியதும் ஒரு தனி எண்தான், அதுவும் யாரோ அலுப்புப் பார்க்காமல் கணக்கிட்டு வைத்த எண். ஒரு பெரிய எண்ணால் ஊகத்தை நிலைநாட்ட முடியாது, வீழ்த்த முடியும் என்பது தருக்கப் பாடத்தில் வரும் பழைய செய்தி. 200-இன் எண் செய்தது இரண்டிலும் சேராது. வகுபடும் ஊகத்தில் சாட்சியம் வெறும் ஆம், இல்லை என்ற பதில். ஒவ்வொரு முறையும் 49-இலிருந்து 343-க்குப் போகச் சற்றே அதிர்ஷ்டம் போதும். சூத்திரத்தின் சாட்சியத்தில் பதின்மூன்று இலக்கங்களும் அதற்கப்பால் இரண்டு தசம இடங்களும் ஒரே நேரத்தில் ஒத்துப்போக வேண்டியிருந்தது. எல்லாச் சாட்சிகளையும் ஒரே தராசில் நிறுப்பவர் இந்த வேறுபாட்டைத் தவறவிடுவார்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது. 1937-இல் லேமர், ஹார்டி–ராமானுஜன் தொடரை முடிவில்லாமல் நீட்டினால் அது ஒருங்காது, விரிந்து போகும் என்று காட்டினார். அப்படியானால் எட்டாம் உறுப்பில் நிறுத்தியது ஒரு தந்திரம் மாதிரிதானே? இன்னும் கூட்டிக்கொண்டே போயிருந்தால் 0.004 கெட்டுப்போயிருக்குமே? கெட்டுத்தான் போயிருக்கும். ஆனால் அதே 1937-இல் ராடெமாக்கர், அடுக்குக்குறிச் சார்பு இருந்த இடத்தில் அதிபரவளையச் சைன் சார்பை வைத்து, உறுப்புகள் எத்தனை கூட்டினாலும் உண்மையான மதிப்பை நோக்கி ஒருங்கும் தொடரை வெளியிட்டார். மாற்றம் மிகச் சிறியது. அதே சூத்திரத்தைத் தனியே கண்டடைந்த நார்வே நாட்டுக் கணிதர் செல்பெர்க் பின்னாளில் ஒரு கருத்தைச் சொன்னார்: 1913-ஆம் ஆண்டுக் கடிதத்தில் ராமானுஜன் எழுதிய கூற்றில் இருந்தது இந்த அதிபரவளைய வகைச் சார்புதான், அவருடைய வழியிலேயே விட்டிருந்தால் துல்லியமான சூத்திரம் அப்போதே கிடைத்திருக்கும். ஹார்டியைக் குறை சொல்ல இதைப் பயன்படுத்தும் ஆசை நம்மவர்க்கு வரும், வேண்டாம். ஹார்டி கொண்டுவந்த சிக்கலெண் பகுப்பாய்வு இல்லாமல் சூத்திரத்துக்கு நிறுவல் இல்லை. ராமானுஜனின் நம்பிக்கை இல்லாமல் அந்தப் பகுப்பாய்வுக்கு இலக்கு இல்லை. 200-இன் எண் சொன்ன சாட்சியம் மட்டும் இந்தத் திருத்தங்களில் எதிலும் மாறவில்லை. ராடெமாக்கரின் தொடரும் அதே எண்ணுக்கே வந்து சேர வேண்டியிருந்தது.

இன்று கைப்பேசியில் நான்கு வரி நிரல் எழுதினால் 3,972,999,029,388 இமைப்பதற்குள் வந்துவிடும். 2014-இல் பிரெட்ரிக் யோகான்சன் 1-க்குப் பின் இருபது சுழியங்கள் உள்ள எண்ணின் பிரிவினை எண்ணிக்கையையே கணக்கிட்டார். அந்த விடையின் இலக்கங்கள் மட்டும் 1,100 கோடிக்கு மேல். அதற்குப் பயன்பட்டது ஆய்லரின் ஏணி அன்று. ஹார்டி, ராமானுஜன், ராடெமாக்கர் வழிவந்த சூத்திரம். அத்தனை படிகள் ஏற எந்தக் கணினிக்கும் ஆயுள் போதாது. கணினி வந்ததால் அந்தப் பழைய எண்ணின் மதிப்பு குறைந்துவிட்டது என்பவர்களுக்கு இதுவே பதில்: கணினி இன்று நம்பி ஓடும் பாதை சரியா என்று அன்று மிதித்துப் பார்த்தது மேஜரின் அட்டவணையில் கடைசி வரியில்தான்.

இவ்வளவு தெரிந்த எண்ணிலும் தெரியாத ஒன்று உண்டு, அதுவும் சின்னப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி. இந்த எண் இரட்டை. கடைசி இலக்கம் 8 என்பதால் அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆனால் 200 என்ற இட எண்ணைப் பார்த்து, கணக்கிடாமல், அதன் பிரிவினை எண்ணிக்கை இரட்டையா ஒற்றையா என்று சொல்ல எளிய விதி எதுவும் கிடைத்ததில்லை. இரட்டையும் ஒற்றையும் முடிவில்லாமல் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும் என்பதை 1959-இல் கோல்பெர்க் நிறுவினார். இரண்டும் பாதிக்குப் பாதி வருமா என்பதை யாரும் இன்னும் நிறுவவில்லை. 2000-இல் கென் ஓனோ, 5 முதல் மேலே உள்ள ஒவ்வொரு பகா எண்ணுக்கும் ராமானுஜன் கண்டது போன்ற வகுபடும் ஒழுங்குகள் உண்டு என்று காட்டினார். அவருடைய தேற்றம் 2-ஐயும் 3-ஐயும் தொடவில்லை. 3,972,999,029,388-ஐ மீதியின்றி வகுக்கும் பகா எண்களில் மிகச் சிறியவை இந்த இரண்டும்தான்.